கிளந்தான் வழக்குக்குப் பிறகு ஷரியா குற்றவியல் சட்டத்தில் என்ன மிச்சம்?

செந்தூல்_செல்வன்:

வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள் யாராவது நிதானமாக விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் என்றாலே பட்டிமன்றம்தான். இந்த வாரத் தலைப்பு, கோலா திரெங்கானுவில் கல்வத் (மண உறவு இல்லாத ஆணும் பெண்ணும் தனிமையில் இருப்பது) குற்றத்துக்காக ஓர் ஆளைப் பள்ளிவாசலில் வைத்துப் பிரம்பால் அடித்தது. பேச்சு அப்படியே கிளந்தான் வழக்குக்குத் தாவியது. 2024 பிப்ரவரி 9ஆம் தேதி மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் கிளந்தான் மாநிலத்தின் 16 ஷரியா குற்றப் பிரிவுகளை ரத்து செய்ததே, அந்த வழக்கு. கூட வேலை பார்க்கும் கிளந்தான்காரர் ஒருவர், நல்ல மனிதர், "எங்கள் மார்க்கச் சட்டத்தையே பிடுங்கிவிட்டார்கள்" என்று மனம் நொந்து சொன்னார். எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பிலோ என் மாமா, "இனி இந்த நாட்டில் ஹுடுட் (கை வெட்டுவது போல மார்க்கமே வரையறுத்த தண்டனைகள்) என்ற பேச்சுக்கே இடமில்லை" என்று வெற்றி முழக்கம் போடுகிறார். இரண்டு பேரும் ஒரே தீர்ப்பைத்தான் காட்டுகிறார்கள்.

என் குழப்பம் இதுதான். பிப்ரவரியில் 16 பிரிவுகள் போய்விட்டன என்றால், அதே வருடம் டிசம்பரில் திரெங்கானுவில் எப்படிப் பிரம்படி கொடுக்க முடிந்தது? ஷரியா நீதிமன்றம் நம் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மேலேயா, கீழேயா? அப்புறம், முஸ்லிம் பெரும்பான்மை நாட்டில் இஸ்லாமியக் குற்றவியல் சட்டம்தானே முதலில் நிற்க வேண்டும் என்று நண்பர் கேட்கிறார். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. கட்சி அரசியல் வேண்டாம், கை எடுத்துக் கும்பிடுகிறேன்.


பட்டர்வொர்த்_மணி:

தம்பி, இதில் குழம்ப ஒன்றும் இல்லை. அரசியலமைப்பு மேலே, மற்ற எல்லாம் கீழே. ஷரியா கோர்ட்டு கல்யாணம், மணவிலக்கு, சொத்துப் பிரிப்பதற்கு மட்டும்தான். குற்றத்தை விசாரிக்க போலீஸ் இருக்கிறது, சிவில் கோர்ட்டு இருக்கிறது. கூட்டரசு நீதிமன்றம் அதைத்தான் சொல்லிவிட்டது. திரெங்கானுவில் நடந்தது சட்டவிரோதம், யாராவது வழக்குப் போட்டால் அதுவும் போய்விடும். மாமா சொன்னது சரி.


கிள்ளான்_வக்கீல்:

மணி அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. முதல் வாக்கியத்தைத் தவிர மற்றது எல்லாம் தவறு.

நான் கிள்ளானில் தொழில் செய்யும் வழக்கறிஞர். தமிழ் முஸ்லிம் பெண். சிவில் கோர்ட்டிலும் நிற்கிறேன், ஷரியா கோர்ட்டிலும் நிற்கிறேன். கிளந்தான் தீர்ப்பு வந்த மறுவாரம் ஷரியா கோர்ட்டுக்குப் போனபோது கல்வத் வழக்குப் பட்டியல் முந்தைய வாரம் இருந்த அதே நீளத்தில்தான் இருந்தது. எனவே "ஒழிந்தது" என்று அழுகிறவர்களும் "ஒழிந்தது" என்று கொண்டாடுகிறவர்களும் ஒருமுறை அந்த வராந்தாவில் வந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

செல்வன் தம்பி, அந்த வழக்கில் கேள்வி "இஸ்லாமியச் சட்டம் வேண்டுமா, வேண்டாமா" என்பது இல்லை. இந்தக் குற்றத்தைப் பற்றிச் சட்டம் போட நாடாளுமன்றத்துக்கு உரிமையா, மாநிலச் சட்டமன்றத்துக்கு உரிமையா என்பதுதான். அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் இரண்டு பட்டியல்கள் முக்கியம். நாடாளுமன்றத்துக்கு உரிய கூட்டரசுப் பட்டியலில் குற்றவியல் சட்டம் இருக்கிறது. மாநிலப் பட்டியலின் முதல் வரியிலேயே இஸ்லாம் இருக்கிறது. முஸ்லிம்கள் மார்க்கக் கட்டளைகளுக்கு எதிராகச் செய்யும் குற்றங்களுக்கு மாநிலம் தண்டனை விதிக்கலாம். ஆனால் அதோடு ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது: கூட்டரசுப் பட்டியலில் அடங்கும் விஷயங்கள் நீங்கலாக. சண்டை முழுவதும் அந்த வாலைப் பற்றித்தான்.

வழக்குப் போட்டது நிக் எலின் என்ற வழக்கறிஞரும் அவருடைய மகளும். இருவரும் முஸ்லிம்கள், தாய் கிளந்தானில் பிறந்தவர். கிளந்தான் 2019இல் இயற்றி 2021 நவம்பரில் அமலுக்குக் கொண்டுவந்த ஷரியா குற்றவியல் சட்டத்தில் 18 பிரிவுகளை எதிர்த்தார்கள். ஒன்பது நீதிபதிகள் கேட்டார்கள். எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 16 பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பு. எவை போயின என்று பாருங்கள்: வழிபாட்டுத் தலத்தைச் சேதப்படுத்துவது, பாலியல் தொல்லை, பொய்ச் சாட்சி, சூதாட்டம், போதைப் பொருள், எடையிலும் அளவிலும் ஏமாற்றுவது, வட்டி, ஹலால் முத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவது, நெருங்கிய உறவுக்குள் உடலுறவு, இந்த மாதிரி. இவற்றுக்கு எல்லாம் ஏற்கனவே கூட்டரசுச் சட்டம் இருக்கிறது, எல்லா மதத்தவருக்கும் பொருந்துகிற சட்டம். அதே விஷயத்துக்கு மாநிலம் தனியாகக் குற்றம் உருவாக்க முடியாது என்பதுதான் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னது. அப்போதைய தலைமை நீதிபதி தெங்கு மைமுன், இது இஸ்லாத்தின் இடத்தைப் பற்றிய வழக்கே அல்ல என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் மேலே போனார். பலர் அந்தப் பகுதியைப் படிக்கவே இல்லை.

போகாதவை எவை? கல்வத் இருக்கிறது. ஸினா, அதாவது திருமணத்துக்கு வெளியே உடலுறவு, இருக்கிறது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகாதது, ரமலானில் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவது, தவறான போதனை, இவை எல்லாம் அப்படியே இருக்கின்றன. இவற்றுக்குக் கூட்டரசுச் சட்டத்தில் இணை கிடையாது, மார்க்கம் மட்டுமே குற்றமாகப் பார்க்கும் செயல்கள். திரெங்கானுவில் அடித்தது கல்வத்துக்குத்தான், மூன்றாவது தடவை பிடிபட்டதற்காக. திரெங்கானு தன் சட்டத்தை 2022இல் திருத்தியது. கிளந்தான் தீர்ப்பு அதைத் தொடவே இல்லை. பள்ளிவாசலில் கூட்டம் கூட்டி அடிக்கலாமா என்பது வேறு கேள்வி, அதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஆனால் "சட்டவிரோதம், வழக்குப் போட்டால் போய்விடும்" என்று அவ்வளவு லேசாகச் சொல்ல முடியாது.

இன்னொரு வேடிக்கை. கிளந்தானில் போன சூதாட்டக் குற்றம் கோலாலம்பூரில் போகவில்லை. கூட்டரசுப் பிரதேசங்களுக்கான 1997ஆம் ஆண்டு ஷரியா குற்றச் சட்டத்தில் சூதாடும் முஸ்லிமுக்கும் குடிக்கும் முஸ்லிமுக்கும் இன்றும் தண்டனை இருக்கிறது. ஏன்? அதை இயற்றியது நாடாளுமன்றம். மார்க்கத்தை ஒழிப்பதற்காக வந்த தீர்ப்பு என்றால் இது எப்படி மிஞ்சும் என்று உங்கள் கிளந்தான் நண்பரிடம் கேளுங்கள். மெதுவாகக் கேளுங்கள், அவர் மனம் புண்பட்டது உண்மை.

மேலேயா, கீழேயா என்று கேட்டீர்கள். ஏணி வேறு வேறு. 1988இல் அரசியலமைப்பின் 121ஆவது பிரிவில் 1ஏ என்று ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள். ஷரியா நீதிமன்ற அதிகாரத்துக்கு உட்பட்ட விஷயத்தில் சிவில் உயர் நீதிமன்றம் தலையிடாது. அதனால் ஷரியா தீர்ப்பை எதிர்த்து சிவில் கோர்ட்டில் அப்பீல் கிடையாது. ஷரியாவுக்கு உள்ளேயே கீழ் நீதிமன்றம், உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று மூன்று படிகள் இருக்கின்றன, அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக. ஆனால் ஒரு மாநிலத்துக்கு அந்தச் சட்டத்தை இயற்றவே அதிகாரம் இருந்ததா என்பதைக் கூட்டரசு நீதிமன்றம்தான் சொல்லும்.

அதிகாரத்தின் அளவைப் பாருங்கள், அப்போது புரியும். 1965ஆம் ஆண்டின் 355ஆவது சட்டம், நாடாளுமன்றம் இயற்றியது, ஷரியா நீதிமன்றத்துக்கு உச்சவரம்பு வைக்கிறது: மூன்று ஆண்டு சிறை, 5,000 ரிங்கிட் அபராதம், ஆறு பிரம்படி. எங்கள் வட்டாரத்தில் மூன்று-ஐந்து-ஆறு என்றால் எல்லாருக்கும் தெரியும். அதைக்கூட 1984இல்தான் உயர்த்தினார்கள்; அதற்கு முன்னால் ஆறு மாதமும் 1,000 ரிங்கிட்டும்தான். நம் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் ஐந்து ஆண்டு, 10,000 ரிங்கிட், 12 பிரம்படி வரை போகலாம். ஒரு மாநிலத்தின் ஷரியா உயர் நீதிமன்ற நீதிபதி, தாடி நரைத்த ஆலிம் (மார்க்க அறிஞர்), அவர் கையில் இருக்கும் தண்டனை அதிகாரம் நேற்று வேலைக்கு வந்த மாஜிஸ்திரேட்டின் அதிகாரத்தை விடக் குறைவு. இதில் சிலருக்குக் கோபம் வருவது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

மாமாவின் ஹுடுட் விஷயமும் இங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. கிளந்தானில் இஸ்லாமியக் கட்சியான பாஸின் அரசாங்கம் 1993இலேயே ஹுடுட் சட்டம் இயற்றியது. திருட்டு, வழிப்பறி, ஸினா, ஸினா என்று அவதூறு சொல்வது, மது, மதம் மாறுவது, எல்லாம் அதில் உண்டு. திரெங்கானு 2002இல் இயற்றியது. கிளந்தான் 2015இல் திருத்தி மறுபடியும் நிறைவேற்றியது. இன்றுவரை ஒரு கையும் வெட்டப்படவில்லை, வெட்டவும் முடியாது. மூன்று-ஐந்து-ஆறில் கை வெட்டுவதற்கு இடம் எங்கே? அதனால்தான் பாஸ் தலைவர் ஹாடி அவாங் 2016இல் 355ஆவது சட்டத்தைத் திருத்தத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். பிறகு அதில் வந்த எண்கள் 30 ஆண்டு, 100,000 ரிங்கிட், 100 அடி. அந்த நூறு சும்மா வரவில்லை. திருமணமாகாதவர் ஸினா செய்தால் விதிக்கப்பட்ட எண்ணிக்கை அது. 2017 ஏப்ரலில் அவையில் பேசினார்கள், விவாதத்தைத் தள்ளி வைத்தார்கள், அதோடு நின்றுபோனது. ஆகவே ஹுடுட்டைத் தடுத்து வைத்திருப்பது இந்தத் தீர்ப்பு மட்டும் இல்லை, முக்கியமாக நாடாளுமன்றம் வைத்த அந்த மூன்று-ஐந்து-ஆறு வரம்பு.

முஸ்லிம் பெரும்பான்மை நாடு என்றால் ஷரியா முதலில் நிற்க வேண்டாமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. 2020 கணக்கெடுப்பின்படி இங்கே முஸ்லிம்கள் 63.5 விழுக்காடு. பாகிஸ்தானில் 1979இல் ஜியா உல் ஹக் அவசரச் சட்டமாக ஹுடுட் கொண்டுவந்தார். மறு வருடம் அமைந்த கூட்டரசு ஷரியத் நீதிமன்றம், சாதாரணச் சட்டம் இஸ்லாத்துக்கு முரண் என்று கண்டால் ரத்து செய்யலாம். இங்கே தலைகீழ்: ஷரியா சட்டம் அரசியலமைப்போடு பொருந்துகிறதா என்று பார்க்கிறோம். புருனையில் சுல்தானின் ஆணையாகவே வந்தது, 2019 ஏப்ரலில் முழுதும் அமலானது, உலகம் முழுவதும் சத்தம் எழுந்தவுடன் மரண தண்டனையை நிறைவேற்றப் போவதில்லை என்று மே மாதத்தில் சுல்தான் அறிவித்தார். மூன்றும் முஸ்லிம் பெரும்பான்மை நாடுகள்தான்.

நம் நாட்டில் இந்தப் பிரிவினை வந்த கதை 1874 பங்கோர் ஒப்பந்தத்தில் தொடங்குகிறது. மலாய் மதமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டும் என்று சுல்தானிடம் கையெழுத்து வாங்கினார்கள். கொலை, திருட்டு எல்லாம் வெள்ளைக்காரனிடம் போனது. சுல்தானுக்கு மிஞ்சியது கல்யாணமும் தொழுகையும் நோன்பும். அவன் கொண்டுவந்து வைத்த தண்டனைச் சட்டம் மெக்காலே இந்தியாவுக்கு எழுதியதன் அண்ணன் தம்பி. 1957இல் அதே கோட்டை அரசியலமைப்பில் வரைந்தார்கள். 1988இல் சே ஓமார் வழக்கில் தலைமை நீதிபதி சாலே அபாஸ், தாமே மார்க்கப் பற்றுள்ளவர், இந்த வரலாற்றைச் சொல்லித்தான், இஸ்லாமே கூட்டரசின் மதம் என்று சொல்லும் அரசியலமைப்பின் மூன்றாவது பிரிவில் உள்ள "இஸ்லாம்" எல்லாக் குற்றச் சட்டத்தையும் அளக்கும் கோல் அல்ல என்று தீர்ப்பெழுதினார். போதைப் பொருளுக்கு மரண தண்டனை இஸ்லாத்தில் இல்லை, எனவே செல்லாது என்று வாதாடிய வழக்கு அது.

நிறைய எழுதிவிட்டேன். ஒன்றே ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். வெளியே இருப்பவர்கள் இஸ்லாமியக் குற்றவியல் சட்டம் என்றவுடன் கையை வெட்டுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் பார்ப்பது தலையைக் குனிந்து நிற்கும் தொழிற்சாலைப் பெண். வழக்கறிஞர் இல்லை. வீட்டுக்குத் தெரிவதற்குள் முடிந்தால் போதும் என்று முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொள்வாள். சிலாங்கூரில் கல்வத்துக்கு 3,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். கிளந்தான் தீர்ப்பு வந்த 2024இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 ரிங்கிட்தான். அபராதம் கட்டப் பணம் புரட்டிக்கொண்டு வரத் தோழி ஓடுவாள். அந்தப் பெண்ணைப் பற்றிக் கிளந்தான் தீர்ப்பு ஒரு வரிகூடச் சொல்லவில்லை, சொல்ல அதற்கு வேலையும் இல்லை.


கோத்தாபாரு_மருமகன்:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். நான் பினாங்குக்காரன், கல்யாணம் செய்து கோத்தாபாருவில் துணிக்கடை வைத்திருக்கிறேன். வக்கீல் அக்கா சொன்ன தகவல்கள் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் முடிவில் எனக்கு ஒப்புதல் இல்லை.

"வெறும் அதிகாரப் பங்கீடு" என்று சொல்லும்போது அது எங்கள் ஊர்க்காரர்களுக்கு எப்படிக் கேட்கிறது தெரியுமா? குர்ஆனில் அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்கிறவர்களுக்குக் கேடு என்று தொடங்கும் ஒரு அத்தியாயமே இருக்கிறது. வட்டி ஹராம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவை மார்க்கக் கட்டளை இல்லையா? கட்டளைதான், ஆனால் நாடாளுமன்றம் இதே விஷயத்தைத் தொட்டுவிட்டதால் மாநிலம் தொடக் கூடாது என்கிறார்கள். சரி, நாளைக்கு நாடாளுமன்றம் இன்னும் நாலு விஷயத்தைத் தொட்டால்? மாநிலப் பட்டியலில் எழுதிய வரி அப்படியே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. தொழுகையும் நோன்பும் மட்டும்தான் இஸ்லாம் என்று முடிவு செய்தது ரெசிடெண்ட் துரை என்று அக்காவே சொல்லிவிட்டார். சுதந்திரம் கிடைத்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் துரை போட்ட கோட்டை ஏன் காப்பாற்ற வேண்டும்?

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி அப்துல் ரஹ்மான் செப்லியை யாரும் குறிப்பிடவில்லை. நிக் எலின், அவர் மகள், இந்த இருவர் மீது யாரும் வழக்குப் போடவில்லை, இந்தச் சட்டத்தால் அவர்களுக்கு எந்தப் பாதிப்பும் நேரவில்லை. பிறகு எந்த உரிமையில் நேராக உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார்கள் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி.

இதையும் சொல்லிவிடுகிறேன்: தீர்ப்பு அன்று புத்ராஜெயா நீதி மாளிகை வாசலில் கூடித் தொழுதவர்களில் என் மைத்துனரும் ஒருவர். அவர் யார் கையையும் வெட்டத் துடிக்கிறவர் அல்ல. பாட்டனார் காலத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கை நழுவுகிறது என்ற கவலை. நிக் எலினுக்கு மிரட்டல் விட்டவர்களை என் மைத்துனரே திட்டினார்.


செந்தூல்_செல்வன்:

வக்கீல் அக்கா, ரொம்ப நன்றி. மருமகன் அண்ணன் சொன்னதையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், எங்கள் அலுவலக நண்பர் சொல்ல வந்ததும் இதுதான் போல.

இன்னும் இரண்டு கேள்வி. அக்கா, அண்ணன் கேட்டதற்கு உங்கள் பதில் என்ன? இரண்டாவது கொஞ்சம் சொந்த விஷயம் மாதிரி. என் கூட்டாளி ஒருவன், இந்துப் பையன், ஒரு முஸ்லிம் பெண்ணை விரும்புகிறான். அவனுக்கு இந்தச் சட்டம் பாயுமா? அவன் "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று அலட்சியமாகத் திரிகிறான்.


கிள்ளான்_வக்கீல்:

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. மருமகன் கேட்ட கேள்வியைத்தான் நல்ல வழக்கறிஞர்களும் கேட்கிறார்கள், அதனால் மழுப்பாமல் சொல்கிறேன்.

ஒரு செயல் மார்க்கக் கட்டளைக்கு எதிரானது என்பது மட்டும் போதாது, கூட்டரசுப் பட்டியலிலும் இருக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால்தான் மாநிலத்துக்கு அதிகாரம். இதை 2021 பிப்ரவரியிலேயே இக்கி புத்ரா வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். சிலாங்கூரின் ஒரு பிரிவு, இயற்கைக்கு மாறான உடலுறவு பற்றியது, அப்போதே போனது. அதில் ஒரு முரண் இருக்கிறது, யாரும் பெரிதாகப் பேசவில்லை. போன ஷரியா பிரிவில் உச்சம் மூன்று-ஐந்து-ஆறு. நிற்கும் கூட்டரசுத் தண்டனைச் சட்டத்தில், அதாவது வெள்ளைக்காரன் வழியாக வந்த 377ஆவது பிரிவில், 20 ஆண்டு வரை சிறை. ஷரியா கடுமை, சிவில் மென்மை என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். பிரம்படியிலும் அப்படித்தான். சிவில் கோர்ட்டு விதித்துச் சிறைக்குள் கொடுக்கும் ரோத்தான் (பிரம்படி) தோலைக் கிழிக்கும். ஷரியா பிரம்பு உடை மேல், கையை ஓங்காமல். ஆனால் சிவில் சட்டத்தில் பெண்களை அடிக்கவே முடியாது, ஷரியாவில் முடியும். 2018இல் கோலா திரெங்கானு ஷரியா நீதிமன்றத்துக்குள் கூட்டத்தின் முன்னால் இரண்டு பெண்களுக்கு ஆறு ஆறு அடி கொடுத்தார்கள். வலிக்கவில்லை, அவமானப்படுத்துவதுதான் நோக்கம் என்று அப்போது சமாதானம் சொன்னார்கள். எனக்கு அந்தச் சமாதானம்தான் அடியை விட மோசமாகப் பட்டது. கல்வத், ஸினா போன்றவற்றில் அடுத்தவர் குறையைத் துருவித் தேடாதே என்று அதே மார்க்கம் சொல்கிறது, நான்கு சாட்சிகள் கேட்பதும் அதனால்தான். நாம் நான்கு சாட்சியை விட்டுவிட்டு பிரம்பை மட்டும் வைத்துக்கொண்டோம். இது என் கருத்து, சட்டம் இல்லை.

உள்ளீடு இல்லாத பட்டியல் என்ற பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. "மார்க்கத்தின் உட்கரு" எது, நாடாளுமன்றத்துக்கு உரியது எது என்று பிரிக்கும் கோடு அரசியலமைப்பில் எழுதப்படவில்லை, நீதிபதிகள் வழக்குக்கு வழக்கு வரைகிறார்கள். ஆனால் மாற்று என்ன? மார்க்கம் தொடாத விஷயமே கிடையாது என்றால் திருட்டும் கொலையும் கடன் பத்திரமும் மாநிலத்துக்கு வந்துவிடும். அப்போது பதின்மூன்று மாநிலங்களில் பதின்மூன்று விதக் குற்றச் சட்டம், அதுவும் குடிமக்களில் ஒரு பகுதிக்கு மட்டும். ஒரே கடையில் ஒரே தராசை வைத்து ஏமாற்றிய இரண்டு பங்காளிகளில் ஒருவர் இந்தக் கோர்ட்டில், ஒருவர் அந்தக் கோர்ட்டில். துரை போட்ட கோடு பிடிக்கவில்லை என்றால் மாற்ற வழி இருக்கிறது: நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு. தீர்ப்புக்கு முன்பே முன்னாள் தலைமை நீதிபதி ஸாக்கி அஸ்மி தலைமையில் மாநிலங்களின் அதிகாரத்தை ஆராய ஒரு குழு போட்டார்கள், வேலை அங்கே நடக்க வேண்டும். வழக்குப் போட உரிமை உண்டா என்ற விஷயத்தில் எட்டுப் பேர் பக்கம்தான் நான். ஒரு பெண் முதலில் பிடிபட்டு, கோர்ட்டு ஏறி, ஊர் முழுக்கப் பெயர் கெட்ட பிறகுதான் சட்டம் செல்லுமா என்று கேட்கலாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

செல்வன், உங்கள் கூட்டாளி விஷயம். ஷரியா நீதிமன்றத்துக்கு முஸ்லிம்கள் மீது மட்டும்தான் அதிகாரம், எனவே அவன் மேல் கல்வத் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று திரிகிறானே, அதுதான் எனக்கு எரிச்சல். ஆகப்போவது அந்தப் பெண்ணுக்கு. மார்க்க இலாகா ஆட்கள் கதவைத் தட்டினால் அவன் ஓரமாக நிற்பான், அவள் பெயர் மட்டும் அறிக்கையில் ஏறும். அப்படி நேர்ந்தால் அவள் புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது, ஜாமீன் கேட்க வேண்டும், முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொள்ளக் கூடாது. வழக்கறிஞரைத் தேடும்போது ஷரியா உரிமம் உள்ளவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டரசுப் பிரதேசத்தில் முஸ்லிம் அல்லாத வழக்கறிஞர் ஷரியா கோர்ட்டில் நிற்க முடியாது. ஒருவர் அதை எதிர்த்துக் கூட்டரசு நீதிமன்றம் வரை போய் 2016இல் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார்.

கல்யாண எண்ணம் இருந்தால் அது இன்னொரு பெரிய கதை. 1976ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது, எனவே பதிவு அலுவலகத்தில் போய் நிற்க முடியாது. அவன் இஸ்லாத்தைத் தழுவாமல் இந்த நாட்டில் அவளை மணக்க வழியில்லை, தழுவிய பிறகு வெளியே வருவதும் லேசில் நடக்காது. இரண்டு பேரையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், தனிச் செய்தியில் என் அலுவலக எண் தருகிறேன். அவன் மட்டும் வந்தால் நான் பேச மாட்டேன், அவளும் வர வேண்டும்.